பைட்டண் ஓவியங்களும் தோற்பாவை மரபும்

புனே நகரின் ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம், மராத்திக் கவிஞருமான தினகர் கங்காதர் கேல்கர் (1896–1990) திரட்டிய பொருள்களால் அமைந்தது. அங்குள்ள சித்ரகதி ஓவியங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு மராட்டிய நாட்டுப்புற ஓவியத்திற்குத் தக்க சான்றுகளாகும். பைட்டண் (பண்டைய பிரதிட்டானம்) என்னும் ஊரின் பெயரால் கலை வரலாற்றார் இவற்றைச் சுட்டுவர். அன்னா டல்லாபிக்கோலாவின் ஜெர்மன் நூல் (1980) இவற்றின் பாணி வளர்ச்சியையும் உருவ அமைதியையும் ஆராய்கிறது.

பக்கவாட்டு முகம், அதில் அகன்ற ஒற்றைக் கண், தட்டையான வண்ணம், வெறுமையான பின்புலம் ஆகியன இவ்வோவியங்களின் இயல்புகள். இவற்றைப் பயிற்சிக் குறைவின் அடையாளமாகக் கொள்வது பொருந்தாது. இவை சுவரில் மாட்டுதற்கு எழுதப்பட்டவை அல்ல. இரு தாள்களை முதுகொட்டி ஒட்டி, ஒரு கதைக்குரிய தாள்களை ‘போதி’ எனக் கட்டாக்கி, கதைசொல்லி ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்டிப் பாடுவார். தொலைவிலிருப்போர்க்கும் தெரிய வேண்டிய கண் அது. காடும் நகரும் கதைசொல்லியின் குரலில் உள்ளமையின் ஓவியன் அவற்றை எழுதவில்லை.

தஞ்சாவூர் ஓவியத்தோடு ஒப்பிடின் இது மேலும் விளங்கும். பூசைக்குரிய அவ்வோவியத்தில் தெய்வம் அடியவரை நேர்நின்று நோக்குகிறது. பைட்டண் தாளிலோ இராமனும் இராவணனும் பெரும்பாலும் ஒருவரையொருவர் நோக்குகின்றனர்; அங்கு அவர்கள் கதைமாந்தர். மராட்டியர் காலக் கலைக்கொடை என்றவுடன் தஞ்சாவூர்ப் பொன்னோவியத்தை மட்டும் நினைவுகூரும் வழக்கம் தமிழாய்வில் உண்டு. இல்லத்தில் மராத்தியும் அரங்கில் தமிழும் பேசும் மண்டிகரின் தோற்பாவைக்கூத்து, நாட்டார் வழக்காற்றியலின் எல்லைக்குள் நிறுத்தப்பட்டுவிட்டது. ஓவிய வரலாற்றார் அதனை எடுத்துக்கொள்ளாதது பெருங்குறையே. இரு பக்கமிருந்தும் உருவங்கள் எதிர்ப்படும் பைட்டண் தாளின் அமைப்பு, பாவைத்திரையின் அமைப்பே அன்றோ!

கதைத்தேர்விலும் உறவு புலனாகிறது. வான்மீகத்திலும் கம்பனிலும் இல்லாத மயில்ராவணன் கதையைத் தமிழ்ப் பாவைக்கூத்தர் ஆடுகின்றனர். அதுவே மகிராவணன் கதையாகச் சித்ரகதியரால் எழுதப்பட்டுள்ளது. காப்பியங்களை மட்டும் மூலமாகக் கொண்டு இப்படங்களை விளக்க முற்படுவோர் இவ்விடத்தில் இடர்ப்படுவர்.

அருங்காட்சியகங்களில் தாள்கள் கட்டிலிருந்து பிரிந்து தனி ஓவியங்களாகின்றன. சிந்துதுர்க் மாவட்டத்துப் பிங்குளியிலோ தாக்கர் மக்கள் படத்தையும் தோற்பாவையையும் ஒருங்கே பேணி வருகின்றனர். அவ்வூர்ப் பரசுராம் கங்காவணே 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். பாவையும் படமும் அங்கு ஒரே இல்லத்தின் தொழில்.