தனிச்செபமும் கூட்டுத்துயரும்

கிறிஸ்தவரின் தனிச்செபம் உலகினின்றும் ஒதுங்குவதாலேயே ஆழமுறும் எனப் பொதுவாகக் கொள்வர். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கத்தோலிக்கரிடையே தபசுகாலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வரும் ‘வியாகுலப் பிரசங்கம்’ இக்கருத்தினை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

1705இல் இலங்கைக்கு வந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமிகள் இதன் ஆசிரியர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலம் அது. குருமார் மறைந்து பணியாற்றிய அச்சூழலில், விசுவாசம் ஏட்டிலும் வாய்மொழியிலும் தங்கி நிற்க வேண்டியதாயிற்று.

இயேசுவின் பாடுகளை இழவுவீட்டுக் குரலிற் கேட்போர், பிறிதொருவரின் வேதனையைத் தமதாக உணரப் பயில்கின்றனர். தனிமனித உள்ளம் இக்கூட்டு அனுபவத்தினூடாகவே ஆழமுறுகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. மதத்தை வெறும் மயக்கமெனத் தள்ளிவிடும் நம்மவர் சிலர் இதனைக் காணத் தவறினர்.

ஆயினும் இதன் எல்லையையும் நாம் மறைத்தல் தகாது. சிலுவையில் தாகமுற்றவருக்காக அழுத கண்கள், சாதியின் பெயரால் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமை மறுக்கப்பட்டோரின் தாகத்தைக் காணாதிருந்தமையும் குடாநாட்டு வரலாறே. செபத்தின் ஆழம் அக்கிணற்றடியிலேயே அளக்கப்படல் வேண்டும்.