முல்லைக்கு வேண்டியது கத்தரி

வீட்டில் முல்லை வைத்திருப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: கொடி தளதளவென்று படர்கிறது, பூ மட்டும் வைப்பதில்லை. உரம் போதவில்லையோ, தண்ணீர் போதவில்லையோ என்று இரண்டையும் கூட்டிக் கொடுப்பார்கள். கொடி இன்னும் படரும். பூ இன்னும் குறையும். தளதளவென்று படர்கிற கொடிக்குப் பூக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. முல்லை வளர்ப்பில் கலை என்று சொல்லத்தக்கது கவாத்து ஒன்றுதான் என்பது என் கட்சி. நடுவதற்கும் நீர் ஊற்றுவதற்கும் அக்கறை இருந்தால் போதும். எந்தக் கணுவுக்கு மேல், எந்த மாதத்தில், எவ்வளவு வெட்டுவது என்பதற்குத்தான் கண்ணும் கையும் பழக வேண்டும்.

கொடியின் இயல்பிலிருந்தே இதைப் பார்க்கலாம். மரம் தன் சம்பாத்தியத்தில் பெரும்பங்கைத் தண்டைத் தடிக்க வைப்பதில் செலவழிக்கிறது. கொடி அதை மிச்சம்பிடித்து நீளத்தில் போடுகிறது. தாங்குவதற்கு வேறொன்றை நம்பிவிடுகிறது. நோயுற்று அறைக்குள் அடைபட்டிருந்த நாட்களில் சார்லஸ் டார்வின் தொட்டியில் இருந்த ஒரு ஹாப்ஸ் கொடியை இரவும் பகலும் கவனித்தார். அதன் நுனி காற்றில் வட்டமடித்துத் துழாவுவதையும், வெப்பமான நாட்களில் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 2 மணி 8 நிமிடம் எடுத்துக்கொள்வதையும் கண்டு, பற்றிப் படரும் செடிகளைப் பற்றிய தம் நீண்ட கட்டுரையில் 1865இல் எழுதினார். முல்லை அவ்வளவு இறுகச் சுற்றுகிற கொடி அல்ல. பாதி சாய்ந்தும் பாதி சுற்றியும் ஏறுவது. ஆனால் பிடிமானம் தேடும் நுனிதான் செடியை ஆள்கிறது என்பது அதற்கும் பொருந்தும். நுனியில் ஊறும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி தண்டு வழியே இறங்கி, கீழே உள்ள கணுக்களில் உறங்கும் மொக்குகளைக் கிளைக்க விடாமல் தடுக்கிறது. நுனி இருக்கும்வரை செடியின் புத்தி முழுவதும் மேலே போவதிலேயே இருக்கும்.

பறம்பு மலைப் பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததை வள்ளன்மையின் எல்லையாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். தோட்டக்காரர் கண்ணில் அது சரியான வைத்தியமாகவும் படும். பற்றுக்கோடில்லாத கொடிக்கு அவன் கொடுத்தது கொழுகொம்பு. கிடைத்த அந்தக் கொம்பின் உச்சிக்குக் கொடி ஏறிவிட்ட பிறகு என்ன செய்வது என்பது வள்ளலின் வேலை முடிந்து வளர்ப்பவரின் வேலை தொடங்கும் இடம்.

அந்த வேலையைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். முல்லையின் இலைகள் தண்டில் எதிரெதிராக இணையிணையாக இருக்கும். இலையின் அடியில் காது மடல் போல இரண்டு குட்டி இலைகள் ஒட்டியிருக்கும், சிலவற்றில் அவையும் இருக்காது. அந்த இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில்தான் உறங்கும் மொக்கு இருக்கிறது. இணைக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினால், ஒரு நுனி இருந்த இடத்தில் இரண்டு தளிர் எழும்பும். அவை வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் நான்கு. முல்லையில் அரும்பு கட்டுவது பழைய தண்டில் அல்ல, அந்தப் பருவத்தில் விட்ட புதுத்தளிரின் நுனியிலும் கக்கத்திலும். ஆகவே தளிரின் எண்ணிக்கைதான் பூவின் எண்ணிக்கை. ஒரு பந்தலை மூடுகிற நீளமான நாலு கொடியைவிட, முழ நீளத்தில் நாற்பது சிம்புகள் விட்ட கொடி மாலையில் எத்தனையோ மடங்கு மணக்கும். கத்தரி கூர்மையாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கும், நசுங்கிய இடம் அழுகும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வயல் முல்லைக்குச் சொல்லும் முறை கடுமையானது: ஜனவரி கடைசி வாரத்தில் தரையிலிருந்து 45 செ.மீ. விட்டு மற்றதெல்லாம் வெட்டு. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசியில், 50 செ.மீ. உயரத்தில். வெட்டுவதற்கு முன் தண்ணீரை நிறுத்திச் செடியை வாடவிடுவார்கள். வெட்டிய பிறகு உரமிட்டு நீர் பாய்ச்சுவார்கள். உரக்கணக்கும் கவனிக்கத்தக்கது. ஆண்டுக்குச் செடி ஒன்றுக்குத் தொழுவுரம் 10 கிலோ, மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம். தழைச்சத்து மட்டும் 60 கிராம். இலையை வளர்க்கும் சத்து, பூவை வளர்க்கும் சத்தில் பாதி. வீட்டு முல்லைக்கு யூரியாவை அள்ளிப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டு, இலை மட்டும் வருகிறதே என்று வருந்துகிறார்கள்.

"எங்கள் ஊர் வீட்டு முல்லைக்கு யார் கவாத்து செய்தார்கள்? அது பாட்டுக்குப் பூத்ததே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கொடியை யாரும் வெட்டவில்லை என்பது உண்மைதானா? எட்டின இடமெல்லாம் ஆடு கடித்தது. கோடையில் கிணறு வற்றிக் கொடி காய்ந்து இலை உதிர்த்தது. தினமும் பூப்பறித்த கைகள் நுனிகளையும் சேர்த்துக் கிள்ளின. அதோடு அந்த முற்றத்தில் நாள் முழுவதும் வெயில் இருந்தது. இவற்றில் எதுவும் கிடைக்காத மூன்றாம் மாடி பால்கனிக் கொடிக்குக் கத்தரிதான் ஆடு, கத்தரிதான் கோடை. வெயிலுக்கு மட்டும் மாற்று கிடையாது. நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர்வெயில் படாத இடத்தில் எவ்வளவு நேர்த்தியாகக் கவாத்து செய்தாலும் இலைதான் வரும்; அங்கே முல்லை வைக்காமலிருப்பதே நல்லது. காட்டு முல்லையைக் காட்டி வாதாடுவோரும் உண்டு. காட்டில் அது கார்காலத்தில் பூத்து, காய்க்கப் போதுமான அளவில் நிறுத்திக்கொள்கிறது. நமக்கோ பங்குனி தொடங்கிப் பல மாதம் தலைக்கும் சாமிக்கும் பூ வேண்டும். அதிகம் கேட்பவர் அதற்கான வேலையைச் செய்யத்தான் வேண்டும்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. பந்தலில் ஏற்றிய கொடியை ஆண்டுதோறும் முழங்கால் உயரத்துக்கு வெட்டினால், ஏற்றியதற்கு என்ன பொருள்? நிழலும் போச்சு, அழகும் போச்சு. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். வயல் முறை பூ விற்பவருக்கானது. அதை அப்படியே வாசலுக்குக் கொண்டுவரக் கூடாது. வீட்டில் ஒன்றோ இரண்டோ தாய்த்தண்டுகளை மட்டும் நேராக மேலே விட்டு, பந்தலையோ கிரில்லையோ எட்டியதும் அவற்றைப் படுக்கையாக வளைத்து, தேங்காய்நார்க் கயிற்றால் தளர்வாகக் கட்ட வேண்டும். படுத்த தண்டில் நுனியின் ஆதிக்கம் தளர்ந்துபோகும். கணுவுக்குக் கணு சிம்பு எழும்பும். தை மாதத்தில் அந்தச் சிம்புகளை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டினால் போதும், தாய்த்தண்டு பந்தலிலேயே இருக்கும். கூடவே காய்ந்த குச்சி, பூச்சி கண்ட தளிர், உள்நோக்கி வளர்ந்த கிளை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பல ஆண்டு கவாத்துக் காணாத பந்தலைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் வெறும் சுள்ளிக்கூடுதான் தெரியும். பூவெல்லாம் மேல்தோலில், கைக்கு எட்டாமல், தரையில் உதிர்வதற்காகவே பூத்திருக்கும். கொப்புளச் சிலந்தி தாக்கிச் சுருண்ட இலைகளும் அந்த அடர்த்தியில் கண்ணுக்கே படாது.

ஆசையாக வளர்த்ததை வெட்ட மனம் வராது என்பது ஆட்சேபம் அல்ல, ஒரு தயக்கம். தையில் வெட்டிய பந்தல் சில வாரம் பார்க்கச் சகிக்காது, உண்மை. தயங்குகிறவர்கள் முதலாண்டில் பாதிப் பந்தலை மட்டும் வெட்டிப் பார்க்கலாம். கோடை பிறக்கும்போது எந்தப் பாதியில் அரும்பு கொத்துக்கொத்தாக நிற்கிறது என்பது தெரிந்துவிடும். மறுபாதிக்கு அடுத்த தை வரை காத்திருக்கலாம். அடைமழை மாதங்களில் மட்டும் கத்தரியைத் தொட வேண்டாம், வெட்டுவாய் ஆறாது. மற்ற நாட்களில் பூப்பறிக்கும்போதே பூத்து முடிந்த கொத்தை ஒரு கணு சேர்த்துக் கிள்ளிவிடுங்கள். அந்தக் கணுவிலிருந்து வரும் இரண்டு தளிரும் அதே பருவத்தில் இன்னொரு முறை அரும்பு கட்டும்.