குயில் இட்ட முட்டை

வானியலாளர் கிளிஃபர்ட் ஸ்டோல் 1989-இல் வெளியிட்ட 'தி குக்கூஸ் எக்' கணிப்பொறிப் பாதுகாப்பைப் பற்றிய நூல். துப்பறியும் கதையைப் போல் படிக்கலாம்.

1986-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், கணிப்பொறிக் கட்டணத்தைக் கணக்கிடும் இரு முறைகளுக்கிடையே 75 சென்ட் வேறுபாடு தோன்றியது. நம் மாணவர்கள் செய்முறை வகுப்பில் இதைச் 'சோதனைப் பிழை' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஸ்டோல் போகவில்லை. மேற்கு ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து ஒருவன் தொலைபேசி இணைப்பு வழியே நுழைந்து, அமெரிக்க இராணுவக் கணிப்பொறிகளைத் துழாவி வந்தான். கிடைத்தவை சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டதும் பின்னர் வெளிப்பட்டது.

முட்டை இடப்பட்ட விதத்தை விளக்கும் பகுதியே நூலின் உயிர். அக்கணிப்பொறியில், வந்த கடிதங்களை இடம் மாற்றி வைக்கும் சிறு நிரல் ஒன்று இருந்தது. அவ்வேலைக்கு எவ்வளவு அதிகாரம் வேண்டும்? மிகக் கொஞ்சம். ஆனால் முழு அதிகாரமும் தரப்பட்டிருந்தது! எந்தக் கோப்பையும் எங்கும் கொண்டுபோய் வைக்க அதனால் முடிந்தது. கணிப்பொறி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக இயக்கும் நிரல் ஒன்றின் இடத்தில், அந்நியன் இதைக்கொண்டே தன் நிரலை வைத்தான். காக்கை குயில் முட்டையை அடைகாப்பதுபோலக் கணிப்பொறி அதை இயக்கியது. அவனுக்கு முழு அதிகாரமும் கிடைத்துவிட்டது.

'வைரஸ்' என்னும் உவமையைவிட இது பொருத்தமானது. வைரஸ் என்றால் ஊரெல்லாம் பரவும் காய்ச்சல். யாரையும் குறைகூற இயலாது. வைரஸ் தடுப்பு நிரலை வாங்கியதோடு அலுவலகங்கள் நிம்மதியடைவதும் அதனால்தான். முட்டையோ, கூட்டுக்கு உரியவரைக் கேள்வி கேட்கிறது. அலுவலகக் கடிதங்கள் வரும் கைபேசியில், டார்ச் விளக்குச் செயலிக்குத் தொடர்பு எண்களைப் படிக்கும் அனுமதி எதற்கு?

குறையும் உண்டு. இயந்திரம் வந்த நாளிலிருந்து மாற்றப்படாத கடவுச்சொற்களை ஸ்டோல் நகைச்சுவையோடு காட்டுகிறார். அவற்றை மாற்ற வேண்டுமென்று அங்குள்ள ஊழியர்களுக்கு யாரேனும் சொல்லிக்கொடுத்தார்களா என்ற கேள்வியில் அவர் போதிய அளவு நிற்பதில்லை. ஏறத்தாழ ஓராண்டு ஒருவனைத் துரத்தும் வீரரை எந்த அலுவலகம் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும்?

சாக்லேட் பிஸ்கோத்துச் செய்முறையெல்லாம்கூட இதில் வருகிறது. விருப்பமில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். 1988 நவம்பரில் பரவிய மோரிஸ் புழுவைப் பற்றிய இறுதிப் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம். அப்புழு நுழைந்த வழிகளிலும் கடித நிரலின் ஓட்டை ஒன்று. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் மற்றொன்று.