தாலாட்டுக்கும் மணப்பாட்டுக்கும் நடுவே

இரவு உணவு முடிந்து பாய் விரித்த பின்னர்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது எங்கள் தச்சநல்லூர் வீட்டில் என் பங்காக அமைந்துவிட்டது. எனக்கு மூன்று பெண்மக்கள். மூத்தவளுக்கு ஒன்பது வயது, நடுவிலவளுக்கு ஏழு, இளையவளுக்கு நான்கு. ஒருநாள் இரவு, உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் தசைக்கட்டியைப் பெண்ணுரு அமைத்த படலத்துக் கதையைச் சொன்னேன். திமஸ்கு மன்னன் ஹபீபு, உறுப்புகள் அமையாமல் தசைப் பிண்டமாகப் பிறந்த தன் மகளை அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமுன் கொண்டுவந்து வைக்கிறான். அண்ணலார் இறைவனிடம் இறைஞ்சுகிறார்கள். தசைக்கட்டி எழில் மங்கையாக எழுந்து நிற்கிறது.

கதை முடிந்தது. இளையவள் உறங்கிப் போயிருந்தாள். நடுவிலவள் மட்டும் கேட்டாள்: "வாப்பா, அந்தப் புள்ள சின்னப் புள்ளையா இருக்கவே இல்லியா? அப்ப அவளுக்கு யாரு தலை பின்னிவிட்டா?"

சிரித்து மழுப்பிவிட்டேன். ஆயினும் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. எண்ணிப் பார்க்கையில், அது அந்த ஒரு கதையை நோக்கிய கேள்வியன்று, நம் இலக்கியம் முழுமையையும் நோக்கிய கேள்வி என்று தோன்றியது.

உமறு நமக்கு அயலாரல்லர். அவர் அவைப்புலவராக வீற்றிருந்த எட்டயபுரம், 1986-இல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை, திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அவர் பாடிய காப்பியத்தில் மன்னனின் மகள் அற்புதமாகத் தோன்றுகிறாள். பாத்திமா நாயகி (ரலி) அவர்களின் திருமணத்துக்கு ஹிஜ்றத்துக் காண்டத்தில் தனிப் படலமே உண்டு. அற்புதம் இருக்கிறது, மணவிழாவும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பெண்பிள்ளை உண்டு, உடுத்து, அழுது, அடம்பிடித்து வளரும் ஆண்டுகள் எங்கே? காப்பிய இலக்கணம் அவற்றைக் கேட்பதில்லை. ஆகவே புலவர் மீது குறை சொல்வது முறையாகாது. காப்பியம் விட்டதைப் பிற இலக்கியங்களாவது எடுத்துக் கொண்டனவா என்பதே கேள்வி.

பிள்ளைத்தமிழ் இருக்கிறதே என்பார் உளர். தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் அவ்வகைக்கு ஒரு சிகரத்தைக் கட்டினார். நம் புலவர்களும் அம்மரபை வரவேற்று, பெருமானார் மீதும் பாத்திமா நாயகி மீதும் பிள்ளைத்தமிழ் பாடியுள்ளனர். பெண்பாற் பிள்ளைத்தமிழ் அம்மானை, நீராடல், ஊசல் என்னும் மூன்று பருவங்களோடு நிறைவுறும். தவழ்வதும் தளர்நடையிட்டு வருவதும் விளையாடுவதும் அங்கே பேரழகோடு பாடப்படுகின்றன. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதில்லை. உடன்பிறந்தாளோடு சண்டை வருவதில்லை. அவள் பள்ளிக்கூடம் போவதுமில்லை. ஊஞ்சலிலிருந்து இறங்கும் பெண்பிள்ளையை அதன் பின்னர் நாம் மணப்பந்தலில்தான் சந்திக்கிறோம். தாலாட்டுக்கும் மணப்பாட்டுக்கும் நடுவே ஓர் ஊமைக் காலம்.

இந்த ஊமைக் காலம் மார்க்கம் நமக்குத் தந்ததா? இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஏழைத் தாய் ஒருத்தி இரு பெண்மக்களோடு வருகிறாள். அன்னையார் மூன்று பேரீச்சம்பழங்களைக் கொடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று கொடுத்துவிட்டு மூன்றாவதைத் தன் வாய்க்குக் கொண்டுபோகிறாள் தாய். பிள்ளைகள் அதையும் கேட்கிறார்கள். அவள் அதை இரண்டாகப் பிளந்து அவர்களுக்கே கொடுத்துவிடுகிறாள். இச்செய்தியைக் கேட்ட பெருமானார் அத்தாய்க்குச் சுவனத்தை நன்மாராயமாக உரைத்தார்கள் என்பது முஸ்லிம் நூலில் பதிவான நபிமொழி. உவமையில்லை, வருணனையில்லை, வாயருகே சென்ற ஒரு பழம் திரும்பி வருகிறது, அவ்வளவே. பெண்மக்களை வளர்ப்பது என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக எவர் எழுதிவிட முடியும்?

தந்தையர்க்கும் சான்று உண்டு. தம் மகள் ஸைனப் (ரலி) அவர்களின் சிறு பெண் உமாமாவைத் தோளில் சுமந்தபடியே பெருமானார் தொழுதார்கள்; ஸுஜூதுக்குச் செல்கையில் கீழே இருத்தி, எழுகையில் மீண்டும் தூக்கிக் கொண்டார்கள். தொழுகை நேரத்தில் பிள்ளையை உம்மாவிடம் தள்ளிவிட்டு ஓடுகின்ற நாம், இந்த நபிமொழியைப் படித்திருக்கிறோமே தவிரப் பார்த்ததில்லை. நம் புலவர்களும் பார்க்கவில்லை. அற்புதங்களைப் பாடிய அளவுக்கு இந்த எளிய காட்சிகளைப் பாடாமற் போனது நம் இலக்கியத்தின் இழப்பேயாகும்.

இக்காலத்து உரைநடை இந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்திருக்கிறது. மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்க வாய்ப்பில்லாத நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார். கதைப்பொருள் வேறாயினும், வீட்டுக்குள்ளிருந்த பெண் எழுதுகோலை எடுத்ததே பெரும் திருப்பம். நெல்லையில் வாழ்ந்து 2019-இல் மறைந்த தோப்பில் முஹம்மது மீரான், 1988-இல் நூலாக வந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில், ஊருக்குள் பள்ளிக்கூடம் வருவதையே பொறுக்காத ஒரு முதலாளியைக் காட்டினார். 2004-இல் வந்த சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' இன்னும் ஓரடி முன்னே வைத்தது. அங்கே சிறுமி ராபியாவின் கண்களால் வீட்டைப் பார்க்கிறோம். ஊமைக் காலம் அங்கே வாய் திறந்தது எனலாம். எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. அந்த உலகில் வளர்ப்பு என்பது முற்றிலும் பெண்களின் பாடு. ஆண்கள் கடையிலோ கடல் கடந்தோ இருப்பவர்கள். வீட்டுக்குள் வந்தால் அதிகாரமாக வருபவர்கள். அது உண்மையான சித்திரம்தான். ஆனால் மகளின் தலையைப் பின்னத் தெரிந்த வாப்பாவும் நம் தெருக்களில் உண்டு. அவனை எவரும் இன்னும் எழுதவில்லை.

இது வெறும் இலக்கியக் கவலையன்று. சில நாட்களுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பெரியவர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "மூணுமே பொட்டப் புள்ளையா? அல்லா லேசாக்கி வைக்கட்டும்" என்றார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். அவர் சென்ற பின் மூத்தவள் தன் உம்மாவிடம், "நாங்க பாரமா உம்மா?" என்று கேட்டிருக்கிறாள். மக்கட்பேற்றைப் பேசுமிடத்தில் பெண்மக்களை முதலில் சொல்லி ஆண்மக்களைப் பின்னர் சொல்கிறது இறைமறை. மூன்று பெண்மக்களை நன்முறையில் வளர்த்தவர்க்குச் சுவனம் என்கிறது நபிமொழி. இவற்றையெல்லாம் அறிந்த பெரியவரின் வாயிலிருந்துதான் அச்சொல் வந்தது. ஏன்? அறிவு அவரிடம் இருந்தது, காட்சி இல்லை. பெண் என்றதும் அவர் மனக்கண்ணில் எழுந்தது கலியாணச் செலவு. காலையில் ஒரே சீப்புக்கு மூவர் போட்டியிடுவதும், ஒருத்தியின் ரிப்பனை இன்னொருத்தி கட்டிக்கொண்டு போனதால் வீடே இரண்டுபடுவதும், மாலையில் மூத்தவள் வாய்ப்பாடு சொல்ல இளையவள் பொருள் தெரியாமலே கூடச் சொல்வதும் அவர் கண்ணுக்கு எட்டவில்லை. எட்டவைப்பது இலக்கியத்தின் வேலையன்றோ?

நாளை என் பெண்மக்கள் தாமே நூல்களை எடுத்துப் படிப்பார்கள். அப்போது தங்களை அற்புதமாகவும் மணமகளாகவும் பாரமாகவும் மட்டுமே அவர்கள் காண நேர்ந்தால், அந்தப் பிழை நம்முடையது. சிறுகதை எழுதும் அன்பர்கள் ஒரு வீட்டின் ஒரு காலைப் பொழுதை எடுத்துக் கொள்ளட்டும்; வேறு பொருள் தேட வேண்டியதில்லை.

நடுவிலவளின் கேள்வி இன்னும் நிற்கிறது. மறுநாள் இரவு அதே கதையைத் தொடங்கியபோது அவள் இடைமறித்து, "அவளுக்கு அவ வாப்பாதான் தலை பின்னியிருப்பாரு" என்று தானே ஒரு முடிவு சொன்னாள். சீறாவில் இல்லாத செய்திதான். நான் மறுக்கவில்லை.