'என் இனிய இயந்திரா': இருவேறு கருத்துகள்

'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் கதைகளை ஜேம்ஸ் பிளிஷ் 1967 முதல் நூல்களாக்கினார். தமிழில் இம்முறை மாறி நிகழ்ந்தது. சுஜாதா (1935–2008) 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' பின்னர்த் தூர்தர்ஷனில் தொடராயிற்று.

இந்நாவல் பற்றிப் படிப்போரிடையே இருவேறு கருத்துகள் உள. ஜீனோ என்னும் இயந்திர நாயின் நகைச்சுவையே நூலின் உயிர் என்பர் ஒரு சாரார். அந்நகைச்சுவை கொடுங்கோன்மை பற்றிய கதையின் ஆழத்தைக் குறைத்தது என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் நாயையும் ஆட்சியையும் தனித்தனியே நிறுத்திக் காண்கின்றனர்.

கதையமைப்பு இப்பிரிவினைக்கு இடந்தரவில்லை. 2021இல் நிகழ்வதாகப் புனையப்பட்ட இக்கதையில் மகப்பேற்றிற்கும் அரசின் இசைவு வேண்டும். அவ்வரசின் தலைவன் ஜீவா இறுதியில் வெறும் ஒளியுரு எனத் தெரிகிறது. மனிதன் என்று வணங்கப்பட்டது பொய்யுரு. பொம்மை என்று கருதப்பட்ட நாயோ நூல்களைக் கற்றுத் தானே சிந்திக்கிறது. இம்முரணே நாவலின் மையம். நகைச்சுவை அதன் கருவி. அத்திப்பட்டுப் பகுதியில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளை நாளும் காண்போர்க்கு இயந்திரம் புதுமையன்று; அதனை இயக்கும் ஆணை எவருடையது என்பதே வினா. நாவல் எழுப்புவதும் அவ்வினாவே.

எனினும் ஒரு குறை உண்டு. நிலாவின் விடுதலைக்கு வழிகாண்பது பெரும்பாலும் ஜீனோவின் அறிவே. அடிமைப்பட்ட மாந்தர் தாமே சிந்திக்கத் தொடங்கும் நிலையை நாவல் போதிய அளவு காட்டவில்லை. இரண்டாம் சாரார் சுட்ட வேண்டிய குறை இதுவேயன்றி, நாயின் நகைச்சுவை அன்று.