புத்தகக் கடையில் அரங்கேற்றம்

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சென்னையில் முதல் மாடியில் நடக்கும் சிறிய புத்தகக் கடை ஒன்றில், புதிதாக வந்த ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பற்றிய கூட்டத்துக்குப் போயிருந்தேன். நடுவிலிருந்த மேஜைகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, வாடகை நாற்காலிகள் நாற்பது போட்டிருந்தார்கள். எனக்கு அடுத்த நாற்காலியில் ஒரு பெரியவர். ஓய்வு பெற்ற தபால்காரர் என்று பின்னால் தெரிந்தது. அவர் மடியில் இருந்த பிரதியில் ஏழெட்டு இடங்களில் பழைய பஸ் டிக்கெட்டுகளைச் செருகி அடையாளம் வைத்திருந்தார். தலைமையுரை, வாழ்த்துரைகள், பொன்னாடை, ஏற்புரை என்று எல்லாம் கிரமப்படி முடிந்தபோது மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. பெரியவர் கையை உயர்த்தினார். அதற்குள் ஒருவர் நன்றியுரைக்கு எழுந்துவிட்டார். கடைப்பையன் ஒலிபெருக்கியின் கம்பியைச் சுருட்டத் தொடங்கிவிட்டான்.

படியிறங்கும்போதுதான் அவருக்கு ஆசிரியர் கிடைத்தார். "மூணாவது கதையில அந்த அம்மாவுக்கு மட்டும் நீங்க பேரே வைக்கலீங்களே, ஏங்க?" என்று கேட்டார். ஆசிரியர் இரண்டு படி இறங்கி நின்று, சற்று யோசித்து, "நீங்க கேட்ட பிறகுதான் எனக்கே தெரியுது ஐயா. எங்க வீட்லயும் அவங்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை" என்றார். இரண்டரை மணி நேரக் கூட்டத்தில் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசப்பட்ட மெய்யான வார்த்தைகள் இவைதாம் என்பது என் அபிப்பிராயம். அவை கூட்டத்துக்கு உள்ளே பேசப்படாமல், கூட்டம் கலைந்த பிறகு மாடிப்படியில் பேசப்பட நேர்ந்தது ஏன் என்ற சிந்தனையே இக்கட்டுரைக்குக் காரணம்.

நூலாசிரியரும் வாசகரும் ஒரு புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஒரே கூரையின் கீழ் கூடுவது நம்மவர்க்கு அந்நியர் கற்றுக்கொடுத்த வழக்கம் அன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அரங்கேறியது என்றும், அதங்கோட்டாசான் என்னும் புலவர்க்குக் குற்றமறத் தெரித்துக் காட்டப்பட்டது என்றும் அதன் பாயிரம் சொல்லுகிறது. அந்த ஆசான் குற்றங்களை எடுத்துக் கேட்கக் கேட்க நூலாசிரியர் விடை சொன்னார் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். கம்பர் தம் காவியத்தை ஸ்ரீரங்கத்தில் அரங்கேற்றிய ஐதீகத்திலும் முதலில் வருவது ஆட்சேபம். அங்கீகாரம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அரங்கேற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் மண்டபத்தை இன்றைக்கும் கோயிலில் காட்டுகிறார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தலபுராணங்கள் சபை கூட்டி நாள்தோறும் சில பாடல்களாக வாசிக்கப்பட்டு அரங்கேறிய விதத்தை உ.வே.சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தில் கண்முன் நிறுத்துகிறார். ஆகவே அரங்கேற்றம் என்ற அந்தப் பழைய ஏற்பாட்டுக்கு வாசிப்பு, கேள்வி, அங்கீகாரம் என்று மூன்று அங்கங்கள் உண்டு என்று கொள்ளலாம். இக்கால வெளியீட்டு விழா இவற்றுள் கடைசி அங்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதைப் பல மடங்கு பெருக்கி, முன்னிரண்டையும் கைவிட்டுவிட்டது என்பதே அதன்மேல் நான் சாட்டும் முதல் குறை.

குறையை முதலில் சொன்னேனாயினும், இந்த வழக்கத்தை வேண்டாமென்று தள்ளுவது என் கருத்து அன்று. அது நன்றாக நடக்கும் இடங்களில் தரும் பலன் வேறெதனாலும் கிடைக்காது. கோவையில் விஜயா பதிப்பகத்தின் மு.வேலாயுதம், எழுத்தாளரையும் வாசகரையும் நேருக்கு நேர் சந்திக்க வைப்பதைத் தம் தொழிலின் ஓர் அங்கமாகவே கொண்டவர். சென்னையில் கே.கே.நகர் டிஸ்கவரி புக் பேலஸும் திருவான்மியூர் பனுவலும் புத்தகம் விற்கும் இடத்தையே பேசும் இடமாகவும் ஆக்கிக் கொடுத்திருக்கின்றன. சதுர அடிக்கு வாடகை எண்ணிக் கொடுக்கும் ஒரு நகரத்தில், விற்பனை நடக்கவேண்டிய மாலை நேரத்தை இலக்கியத்துக்காக ஒழித்துக் கொடுப்பது ஒரு வியாபாரிக்கு எளிய காரியம் அல்ல என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அச்சில் படித்த ஒரு வாக்கியத்தை அதை எழுதியவரின் குரலில் கேட்பது தனியானதோர் அனுபவம். எந்த இடத்தில் அவர் மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லை அவர் ஊர் வழக்கில் குறுக்குகிறார், நாம் வேகமாகக் கடந்துபோன எந்த வரியில் அவர் தயங்கி நிற்கிறார் என்பவையெல்லாம் ஐந்து நிமிஷ வாசிப்பில் பிரத்தியட்சமாகிவிடும். நெல்லைப் பேச்சிலோ கொங்குப் பேச்சிலோ எழுதப்பட்ட ஓர் உரையாடலை வேறு சீமைக்காரர் ஒருவர் சரியாகப் படிக்கக் கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. லண்டனில் ஹெரால்டு மன்றோ என்பவர் 1913 ஜனவரியில் கவிதைக்கென்றே ஒரு புத்தகக் கடை திறந்தபோது, கவிதை காதால் கேட்கப்பட வேண்டியது என்ற கொள்கையின் பேரிலேயே கவிஞர்களை வரவழைத்துப் படிக்கச் செய்தார். படித்தவர்களில் யேட்ஸும் ஒருவர். கேட்பதற்கு வந்தவர்கள் சில பென்ஸ் கட்டணம் கொடுத்து உள்ளே வந்தார்கள்.

அந்தக் கடையின் திறப்பு விழாவைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவிலிருந்து சில மாதங்களுக்கு முன் வந்திருந்த, வயது 38 ஆகியும் ஒரு புத்தகம்கூட வெளிவராத ஒருவர், தற்செயலாக அந்தக் கூட்டத்துக்குப் போய், இடமில்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அங்கே அவரோடு பேச்சுக் கொடுத்தவர் எஃப்.எஸ்.ஃப்ளின்ட் என்ற கவிஞர். அவர் மூலமாக எஸ்ரா பவுண்டின் பழக்கம் ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே வெளிவந்த முதல் தொகுப்புக்குப் பவுண்டு மதிப்புரை எழுதினார். படியில் உட்கார்ந்தவர் ராபர்ட் ஃப்ராஸ்ட். அன்றைய பிரசங்கங்களில் என்ன சொல்லப்பட்டது என்பதை இன்று ஞாபகம் வைத்திருப்பவர் இல்லை. அந்தப் படியில் நடந்த சம்பாஷணை இலக்கிய சரித்திரத்தில் இடம் பெற்றுவிட்டது. பெரிய அரங்குகளில் இத்தகைய சந்திப்பு நேர்வது அரிது. பேச்சாளர் ஒரு கதவால் வந்து ஒரு கதவால் போய்விடுவார். புத்தகக் கடையிலோ, இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஒருவர்க்கொருவர் வழிவிட்டு நிற்பதே அறிமுகமாகிவிடும். ஊருக்குப் புதிதாக வந்து தனி அறையில் தங்கி வேலை பார்க்கும் ஓர் இளைஞனுக்கோ பெண்ணுக்கோ, தான் விரும்பும் புத்தகத்தை விரும்பும் இன்னொரு ஜீவன் இந்த ஊரில் உண்டு என்று முதன்முதலில் தெரியவரும் இடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

கடைக்கும் இதனால் வரும்படி உண்டு. ஆனால் அதை அன்றைய நூல் எத்தனை பிரதி விற்றது என்று மட்டும் கணக்கிடுவது தவறு. கூட்டம் தொடங்கக் காத்திருக்கும் அரை மணியில் அலமாரியைத் துழாவி, வேறெதையோ கண்டெடுத்து, அதற்காக மறுபடியும் வருகிறவர்களே கடையை நிலைநிறுத்துகிறவர்கள். பாரிஸில் சில்வியா பீச் 1919இல் தொடங்கிய 'ஷேக்ஸ்பியர் அண்டு கம்பெனி', 1922இல் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலைத் துணிந்து வெளியிட்ட கடை, 1936இல் மூடவேண்டிய நிலைக்கு வந்தபோது, ஆந்த்ரே ழீத் முதலிய எழுத்தாளர்கள் நண்பர் குழு ஒன்றை அமைத்து, ஆண்டுக்கு 200 ஃபிராங்க் சந்தா ஏற்படுத்தினார்கள். சந்தாதாரர்க்குக் கிடைத்த பிரதிபலன், அந்தச் சிறிய கடைக்குள் எழுத்தாளர்கள் தங்கள் படைப்பைப் படிக்கக் கேட்பது. ழீத் படித்தார், வலெரி படித்தார், டி.எஸ்.எலியட் வந்து படித்தார். கடை மேலும் சில ஆண்டுகள் உயிர் வாழ்ந்தது. அங்கே செலவை ஏற்றவர்கள் கேட்பவர்கள். நம்மிடையே இடத்துக்கும் தேநீருக்கும் அழைப்பிதழுக்கும் ஆகும் செலவைப் பல சமயங்களில் எழுதியவரே தம் கைப்பணத்திலிருந்து தாங்குகிறார். செலவு செய்தவரின் விருந்தினராக மேடையேறியவர்க்கு அவர் நூலின் குறையை எடுத்துச் சொல்ல நாக்கு எழாது. இது தனி மனிதர்களின் குற்றமல்ல, ஏற்பாட்டின் குற்றம்.

இதனால்தான் நம் கூட்டங்களில் உபசாரம் விமரிசனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாழ்த்த வந்தவர் நூலைப் படிக்க அவகாசம் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகவே தொடங்கி, ஆசிரியரோடு தமக்குள்ள இருபது வருஷ நட்பை இருபது நிமிஷம் பேசுகிறார். அடுத்தவரும் அதையே செய்கிறார். ஆசிரியர் தம் எழுத்திலிருந்து ஒரு பக்கம்கூடப் படிக்காமல், வந்தவர்களுக்கெல்லாம் பெயர் சொல்லி நன்றி கூறி உட்கார்ந்துவிடுகிறார். இதற்கெல்லாம் கடை என்ன செய்யும் என்று கேட்கலாம். இடம் கொடுப்பவர்க்கு ஒரு நிபந்தனை விதிக்கும் உரிமை உண்டு. நூலைப் படித்தவரே பேச வேண்டும் என்பதைக் காட்டிலும் நியாயமான நிபந்தனை வேறு என்ன இருக்க முடியும்?

இன்னொரு குறை சற்று ஆழமானது. எழுத்தாளரை நேரில் கொண்டுவந்து நிறுத்தும் ஏற்பாடு, நேரில் நிற்கத் தெரிந்த எழுத்தாளர்க்கே அநுகூலமாக முடிகிறது. எழுதுவதும் பேசுவதும் இரண்டு வித்தைகள். இரண்டும் கைவந்த பாக்கியசாலிகள் சிலர் உண்டு. ஆனால் தமிழ்ச் சிறுகதையில் தலைசிறந்தவர்களாக நாம் போற்றுகிறவர்களில் பலர் மேடைக்கு உரியவர்களாக இருந்ததில்லை. ஏறத்தாழ இருபத்துநாலு கதைகளே எழுதிவிட்டுச் சிதம்பரத்தில் ஒதுங்கி வாழ்ந்த மௌனியை இன்றைய கூட்டங்களின் அளவுகோலால் அளந்திருந்தால், அவருக்கு எந்தக் கடையில் நாற்காலி போட்டிருப்பார்கள்? பேச்சில் மயங்கிப் புத்தகத்தை வாங்கியவர் வீட்டுக்குப் போய் அதில் அந்தப் பேச்சைத் தேடி ஏமாறுவதும், கூச்சத்தால் நாலு வார்த்தை உளறிய ஒருவரின் அருமையான நாவல் அன்றைக்கே மறக்கப்படுவதும் நான் கண்ணால் கண்டவை.

இதோடு சேர்ந்தது, புதிய நூலுக்கும் உயிரோடிருக்கும் ஆசிரியர்க்கும் மட்டுமே நாள் குறிப்பது. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனுக்கு வெளியீட்டு விழா கிடையாது. ஆகையால் அவருக்கு மாலையும் கிடையாது. ரசிகமணி டி.கே.சி.யின் நெல்லை இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டியை இங்கே நினைக்க வேண்டும். அங்கே கம்பனுடைய ஒரு பாட்டு திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, சொல் சொல்லாக ரசிக்கப்பட்டது. நூலாசிரியன் காலமாகிப் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. பொன்னாடை போர்த்த ஆளில்லை, கையெழுத்து வாங்க வழியில்லை. ஆயினும் அந்தக் கூட்டத்தின் புகழ் இன்றளவும் மங்கவில்லை. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியின் இல்லத்தில் கூடிய 'காகங்கள்' அமைப்புக்கும் கலந்து பேசுவதுதான் காரியம். ஆசிரியர் வருகை ஒரு சிறப்பேயன்றிக் கூட்டத்துக்கு உயிர்நிலை அல்ல என்பதை இவை காட்டுகின்றன. மாதம் நான்கு கூட்டம் நடத்தும் கடை, அவற்றில் ஒன்றையாவது ஆசிரியர் இல்லாத ஒரு பழைய நூலுக்கு ஒதுக்கினால், அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து கிடப்பவை கீழே இறங்கும்.

மற்றவை சின்னக் குறைகள். ஆனாலும் ஆட்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறவை. ஆறு மணி என்று அச்சிட்டு ஏழு மணிக்குத் தொடங்கும் வழக்கம், பின்னேரத்தில் தனியாக வீடு திரும்பவேண்டிய பெண்களைப் பாதியில் எழுந்து போகச் செய்கிறது. செங்குத்தான மாடிப்படி முதியவர்களை வரவொட்டாமல் செய்கிறது. கேள்வி நேரம் என்று கிடைக்கும் சொற்ப நேரத்தையும், கேள்வி கேட்பதாக எழுந்து தம் பிரசங்கத்தைத் தொடங்கிவிடும் ஒருவர் விழுங்கிவிடுவதுண்டு. அவரை மரியாதை குறையாமல் உட்காரவைக்கத் தெரிந்த ஒரு நெறியாளர், மூன்று வாழ்த்துரையாளர்களுக்குச் சமம்.

நான் சொன்ன அந்தப் பெரியவரை அதற்குப் பிறகு அந்தக் கடையில் இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் கையில் வேறு புத்தகம், வேறு பஸ் டிக்கெட்டுகள். இரண்டு முறையும் அவருடைய கை உயர்ந்தபோது நேரம் முடிந்திருந்தது. கூட்டம் நடத்தும் கடைக்காரர்களிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம்தான் இருக்கிறது. அடுத்த அழைப்பிதழில் பேச்சாளர்களின் பெயர்களுக்குக் கீழே, வாசகர் கேள்வி எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று ஒரு வரி அச்சிடுங்கள். அந்த மணி வந்ததும், பேசிக்கொண்டிருப்பவர் எவராயினும், ஒலிபெருக்கியை அவரிடமிருந்து வாங்கி, பிரதியில் அடையாளம் வைத்துக்கொண்டு வந்திருப்பவர் கையில் கொடுங்கள்.