விலைபோனவன்

கிரிக்கெட் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர்கள் இருவர் சிரித்தார்கள். அது வெகுமக்களை மயக்குகிற சரக்கு, அதில் ஆராய என்ன இருக்கிறது என்றார் ஒருவர். இன்னொருவர் மஞ்சள் சட்டைக்காரர். ‘எல்லாத்துலயும் அரசியல் தேடாதீங்க தோழர், இதையாச்சும் விட்டு வையுங்க’ என்றார். மயக்கம் என்று ஒதுக்கினாலும் புனிதம் என்று ஒதுக்கினாலும் விளைவு ஒன்றுதான்: அங்கே நிற்கிற ஆட்கள் பேசுகிற பேச்சு நம் காதில் விழாமல் போகிறது. எனக்கு ஆட்டத்தைவிட அந்தப் பேச்சின் மீதுதான் அக்கறை.

நடந்தது இதுதான். 2025 நவம்பர் 15 அன்று சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. சாம்சனின் விலை 18 கோடி. சென்னையில் 18 கோடியாக இருந்த ஜடேஜாவின் விலை, கைமாறும்போது 14 கோடியாகக் குறைந்தது. அவருக்கு 37 வயது முடிய மூன்று வாரம் இருந்தது. 2012இல் வந்தவர், அணிக்குத் தடை இருந்த 2016, 2017 போக 12 பருவங்கள் இங்கே ஆடியவர். 2023 இறுதியாட்டத்தில் கடைசி இரண்டு பந்துக்கு 10 ஓட்டம் வேண்டும் என்றபோது ஒரு சிக்சும் ஒரு ஃபோரும் அடித்துக் கோப்பையை எடுத்துக் கொடுத்தவர்.

அந்த வாரம் செங்கல்பட்டு டீக்கடைகளிலும், கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்குமான குப்பங்களிலும் காதில் விழுந்தவற்றை அப்படியே தருகிறேன். ‘வித்துட்டானுங்கப்பா.’ ‘ஜட்டு விலை போயிட்டான்.’ ‘இத்தினி வருஷம் சோறு போட்ட டீமு, நன்றி வேணாம்?’ ‘உழைச்சவனுக்கு இதான் மரியாத.’ கோபம் அணியின் மீதா ஆட்டக்காரர் மீதா என்று பிரிக்க முடியவில்லை. ஒரே வாய், ஒரே மூச்சில் இரண்டையும் பேசியது.

‘விலை போயிட்டான்’ என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழில் விலைபோதல் என்பது விற்கப்பட்டவன் மீது விழும் வசை. வாங்கியவனைத் திட்ட இதற்கு இணையாக ஒரு சொல் நம்மிடம் இருப்பதாகத் தெரியவில்லை. தேர்தல் காலத்தில் கட்சி மாறுகிறவனைச் சொல்கிறோம், போராட்டத்தை விட்டுக்கொடுத்த சங்கத் தலைவனைச் சொல்கிறோம். பணம் வைத்திருந்தவன் பெயர் அந்த வாக்கியத்திற்குள் வருவதே இல்லை. இந்த இலக்கணம் கிரிக்கெட் வாரியத்திற்கும் நன்றாகத் தெரியும். 2008இல் ஜடேஜா இதே ராஜஸ்தான் அணியில் ஆடத் தொடங்கியவர். 2010இல் வேறோர் அணியோடு நேரடியாகப் பேரம் பேசினார் என்பதற்காக அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடத் தடை விதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு 21 வயது. தன் உழைப்புக்குத் தானே விலை கேட்டுப் போனது குற்றம். 2025இல் இரண்டு நிர்வாகங்கள் உட்கார்ந்து அவருடைய விலையை எழுதிக்கொண்டன. அதற்குப் பெயர் வணிகம். வீரர் சம்மதமின்றி இப்படிக் கைமாற்றக்கூடாது என்று விதி இருக்கிறது, அவரும் சம்மதித்தார். சம்மதிக்காமல் இங்கேயே இருந்திருந்தால் என்ன மரியாதையோடு இருந்திருக்க முடியும் என்பதை விதி கேட்பதில்லை.

இரண்டு தேதிகளுக்கும் நடுவில் 2012 ஏலம். சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் அவருக்கு உச்சவரம்பான 20 லட்சம் டாலர் வரை ஏறி நின்றன. பிறகு யார் அதிகம் தருவது என்பதை ரகசியமாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கூடுதல் தொகை எவ்வளவு என்று வெளியே சொல்லப்படவில்லை. அது ஆட்டக்காரருக்குப் போகவில்லை, வாரியத்துக்குப் போனது. ஆள் ஒருவர், அவர் பெயரில் இரண்டு விலை, ஒன்றைத்தான் அவர் வாங்க முடியும். இதில் விலைபோனது யார்?

அடுத்தது ‘சோறு போட்ட டீமு.’ இதைச் சொன்ன பையன் தினக்கூலிக்குப் போகிறவன். சேப்பாக்கத்தில் டிக்கெட்டுக்கு அவன் கொடுத்த காசு அணியின் கல்லாவில் விழுந்தது, அணி அவனுக்கு ஒரு பருக்கை போட்டதில்லை. ஆனாலும் பேசும்போது எஜமானின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறான். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதைச் செங்கல்பட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1891இல் இந்த மாவட்டக் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை மிராசுதாரர்களிடம் கடனால் கட்டுண்டு கிடந்த படியாட்களைப் பற்றிப் பேசியது. மறு ஆண்டு பஞ்சமி நிலத்திற்கு அது வழி திறந்தது. அதற்கும் முன்னே, 1843இல் சட்டம் வருகிறவரை, இங்கே நிலம் கைமாறும்போது ஆட்களும் சேர்ந்தே கைமாறினார்கள். சோறு, உப்பு, நன்றி, விசுவாசம் எல்லாம் அந்தக் களத்துமேட்டுச் சொற்கள். அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டதற்கு 1994இல் காரணையில் என்ன நடந்தது, செங்கல்பட்டில் துப்பாக்கி யாரைச் சுட்டது என்பதும் வாசகர்களுக்குத் தெரியும்.

கோடிகளில் சம்பளம் வாங்குகிறவரையும் படியாளையும் ஒன்றாக்குகிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. முன்பணத்துக்காக அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் குடும்பத்தோடு அடைபட்ட இருளர்கள், 1976 சட்டம் வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் பக்கத்தில் மீட்கப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த வலியை ஜடேஜாவின் 14 கோடியோடு எடை போடுவது அசிங்கம். நான் சொல்வது சொற்களைப் பற்றி. படியாளுக்கு எதிராக உருவான சொல்லாடலைப் படியாளின் பேரன் எடுத்து, தனக்கு எந்தப் பங்கும் இல்லாத ஒரு கம்பெனிக்காகப் பேசுகிறான். அந்த இடத்தில்தான் எனக்கு உறுத்துகிறது.

கம்பெனி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2008இல் இந்த அணியை வாங்கிய இந்தியா சிமெண்ட்ஸ், 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்குப் போனது. அணி அதற்கு முன்பே தனிக் கம்பெனியாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. சிமெண்ட் போனதற்கு யாரும் ‘விலை போயிட்டானுங்க’ என்று சொல்லக் கேட்டதில்லை.

இனி ‘நம்ம ஆளு.’ தோனி ‘தல’, ரெய்னா ‘சின்ன தல’, ஜடேஜாவுக்கு 2024இல் அணியே சூட்டிய பட்டம் ‘கிரிக்கெட் தளபதி.’ படிநிலையைப் பாருங்கள். தளபதி எவ்வளவு சண்டை போட்டாலும் தலைக்குக் கீழேதான். 2022இல் எட்டு ஆட்டம் தலைவராக இருந்துவிட்டுப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். 2023இல் அவர் மட்டையோடு வந்தால், இவன் அவுட்டானால் தோனி வருவாரே என்று அரங்கம் காத்திருந்தது. அவரே அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். அதே மாதம் ஒரு விளம்பரதாரர் அவருக்கு ஒரு பரிசு கொடுத்தார். பரிசின் பெயர் ‘ஆட்டத்தின் மிக மதிப்புள்ள சொத்து.’ விளம்பரதாரருக்குத் தெரிகிறது, சில ரசிகர்களுக்குத்தான் தெரியவில்லை என்ற பொருளில் அவர் எழுதினார். ரசிகன் தராத மதிப்பைச் ‘சொத்து’ என்ற சொல்லில் தேடிக்கொண்டார். மனுஷன் வேற எங்க போவாரு?

இந்த ‘நம்ம’ எதைக் கொண்டு கட்டியது? 2021இல் ரெய்னா வர்ணனையில், சென்னைக் கலாச்சாரத்தோடு எப்படி ஒட்டினீர்கள் என்ற கேள்விக்குத் தானும் பிராமணன் என்றார். சில நாளில் ஜடேஜா தன்னை ராஜபுத்திரப் பையன் என்று பெருமையாக எழுதினார். மட்டையை வாள்போலச் சுழற்றுவதும் அந்தப் பெருமைதான். இதையெல்லாம் ரசித்துக் கைதட்டியதும் இதே ‘நாம்’தான். 2018 ஏப்ரல் 10 அன்று, காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு ஊரே கொதித்தபோது சேப்பாக்கத்தில் ஆட்டம் நடந்தது. ஜடேஜா நின்ற எல்லைக்கோட்டுப் பக்கம் செருப்பு வந்து விழுந்தது. மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. அன்று அவர் யாருடைய ஆள்? செருப்பை எறிந்தவனுக்கு எதிரே நின்றது ஒரு குஜராத்தி கூலிக்காரன். மஞ்சள் சட்டைக்கு நம்ம ஆளு. இரண்டுமே அவரைக் கேட்டு முடிவு செய்யப்பட்டவை அல்ல.

கடற்கரைப் பக்கத்து டென்னிஸ் பந்து போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பரிசுத் தொகை பெரிதாக இருந்தால் ஊர் அணி வெளியூர் பிளேயரை இறக்கும். பல சமயம் அவன் பக்கத்துக் காலனிப் பையன். கடைசி ஓவரை அவனிடம் கொடுத்துவிட்டு ‘நம்ம ஆளு, நம்ம ஆளு’ என்று கத்துகிறார்கள். ஜெயித்த பிறகு காசைக் கையில் திணித்து வண்டி ஏற்றிவிடுகிறார்கள். விருந்துக்கு அவன் இருப்பதில்லை. நூறாண்டுக்கு முந்திய பல்வங்கர் பாலூவை நினைக்கிறேன். ஜடேஜாவைப் போலவே இடக்கைச் சுழல். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேல் விக்கெட் எடுத்தார். இந்துக்கள் அணிக்கு அவர் பந்து வேண்டியிருந்தது. இடைவேளைத் தேநீரை மட்டும் அவருக்குத் தனிக் குவளையில், வெளியே வைத்துக் கொடுத்தார்கள். தலைமைப் பதவி கடைசிவரை வரவில்லை.

ரசிகனை முட்டாளாக்கி முடித்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. அந்த நாலாவது வாக்கியத்திற்கு வருகிறேன்: ‘உழைச்சவனுக்கு இதான் மரியாத.’ இதைச் சொன்னவர் நாற்பதைத் தாண்டியவர், மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை செய்தவர். 2021 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்து, 2022 கோடையில் இழப்பீட்டுக்காகத் தொழிலாளர்கள் உள்ளிருப்பு நடத்தி, ஜூலையோடு கார் உற்பத்தி நின்றதே, அந்த ஆலை. ஜடேஜா கைமாறியதற்கு இரண்டு வாரம் முன்புதான் இன்ஜின் செய்ய அதைத் திறக்கப்போவதாக அரசோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ‘எங்களக் கூப்புடுவாங்களான்னு கேக்குறீங்களா சார்? ஜட்டுவையே கூப்ட்டுக் கேட்டாங்களோ இல்லியோ’ என்றார். நன்றி, சோறு எதுவும் அவர் பேச்சில் இல்லை. இத்தனை வருஷம் ஓரிடத்தில் உழைத்தவனுக்கு அந்த இடத்தின்மேல் ஒரு பாத்தியதை உண்டு என்கிறார், அவ்வளவுதான்.

இது வெறும் புலம்பல் இல்லை என்பதற்கு அமெரிக்க பேஸ்பாலில் ஒரு சான்று இருக்கிறது. அங்கே பல ஆண்டுகள் ஆட்டக்காரன் அணியின் உடைமை. ஒப்பந்தம் முடிந்தாலும் வேறிடம் போக முடியாது. 1969இல் செயின்ட் லூயி அணி கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின வீரரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. 12 பருவம் ஆடிய இடம். போகமாட்டேன் என்றார். உனக்குத்தான் நல்ல சம்பளமாச்சே என்று கேட்டதற்கு, நன்றாகச் சம்பளம் வாங்குகிற அடிமையும் அடிமைதான் என்ற பொருளில் பதில் சொன்னார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார், அவருடைய ஆட்ட வாழ்க்கையும் போயிற்று. ஆனால் சங்கம் விடவில்லை. பத்தாண்டு ஆடி, அதில் கடைசி ஐந்தாண்டு ஒரே அணியில் இருந்தவரை அவர் மறுத்தால் மாற்ற முடியாது என்ற விதியைப் பேரம் பேசி வாங்கியது. கடைசி நேரத்தில் இறங்கிப் பந்தெறிந்து ஆட்டத்தைக் காப்பாற்றுகிற வயதான பந்தெறியாளன் வரைக்கும் அந்த விதி இன்று பொருந்தும். 1975இல் அந்த உடைமை ஏற்பாடும் உடைந்தது. நம் ஊரில் 2019இல் வந்த இந்திய கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. ஆடிக்கொண்டிருக்கிறவனுக்குச் சங்கம் இல்லை. ரசிகர் மன்றங்கள் உண்டு.

இவ்வளவு எழுதியும் சாம் கரனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 2023இல் பஞ்சாப் அவரை 18.5 கோடிக்கு வாங்கியபோது அதுவரை யாரும் அந்த விலைக்குப் போனதில்லை. 2025இல் சென்னைக்கு வந்தது 2.4 கோடிக்கு. நவம்பரில் அந்த விலையோடு ஜடேஜா கூடவே அனுப்பப்பட்டார். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை அவர் பெயரை ஒருவர்கூடச் சொல்லிக் கேட்கவில்லை. ஃபோர்டுக்காரரிடம் நானாகக் கேட்டேன். ‘அந்த வெள்ளக்காரப் பையனா? அவனும் போயிட்டானா?’ என்றார்.